கேட்கப் பழகிய காது

எங்கள் நாட்றம்பள்ளிப் பக்கத்தில், எந்தத் தொழிலையும் பழகாமல் செய்துவிடலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுகிறவர், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோலை விரலால் தொட்டுப் பார்த்தே பக்குவம் சொல்லிவிடுவார். அந்த விரல் ஒரே நாளில் வாய்த்ததல்ல. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்ணும், இலையை அளவாக வெட்டவும் தூளை அளவாக வைக்கவும் வெகுநாள் பழகியவள்தான். ஆட்டுத் தோலுக்கும் பீடி இலைக்கும் இத்தனை பழக்கம் வேண்டுமென்று ஒப்புக்கொள்கிற நாம், அடிபட்டு மிரண்டு வாயடைத்துப்போன ஒரு குழந்தையின் எதிரே உட்கார்ந்து அதன் துயரத்தைக் கேட்பதற்கு மட்டும் பழக்கம் எதுவும் வேண்டாம், நல்ல மனசு இருந்தால் போதும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம்.

அந்த நினைப்பு மாறிய கதை சுவையானது; கொஞ்சம் கசப்பானதும்கூட. முதலில் நாம் கட்டடம் கட்டினோம். பிறகு சட்டம் செய்தோம். ஆளைப் பழக்க வேண்டும் என்ற யோசனை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது.

கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன். சென்னை ராஜதானியில் 1887-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. குற்றம் செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சிறையில் அடைத்தால் அவன் பெரிய குற்றவாளியாகத்தான் வெளியே வருவான் என்பது அன்றைய சர்க்காருக்கே புரிந்திருந்தது. ஆகவே சிறைக்குப் பதிலாகப் பள்ளி. நல்ல எண்ணந்தான். ஆனால் அந்தப் பையன் அங்கே வந்து சேருவதற்கு முன்னால் அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சிந்தனையில் இல்லை. அவன் என்ன செய்தான் என்பதற்குத்தான் பதிவேடு இருந்தது. அவனுக்கு என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை.

அடுத்தது சட்டம். 1920-இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. இந்தியாவிலேயே இத்தகைய முதல் சட்டம் நம்முடையது. வங்காளம் 1922-இலும், பம்பாய் 1924-இலும் நம் பின்னால் வந்தன. இதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. தவறு செய்த சிறுவனோடு, ஆதரவற்ற குழந்தையையும் கொடுமைக்கு ஆளான குழந்தையையும் சட்டம் அப்போது தன் கண்ணால் பார்த்தது. ஆனாலும் சட்டத்துக்குக் கண் இருந்த அளவுக்குக் காது இருக்கவில்லை.

காது முளைத்த இடம் அயல்நாடு. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1899-இல் உலகத்தின் முதல் சிறுவர் கோர்ட்டு ஏற்பட்டது. அதே ஊரில் 1909-இல் வில்லியம் ஹீலி என்ற டாக்டர், அந்தக் கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து ஆராய ஒரு நிலையத்தைத் தொடங்கினார். பிள்ளையின் கதையைப் பிள்ளையின் வாயாலேயே கேட்பது அங்கே ஒரு முறையான வேலையாக ஆயிற்று.

அதைவிட என் மனத்தைத் தொட்டது லண்டனில் நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்ஹாம் அம்மையாரும் ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகளுக்கான விடுதிகளை நடத்தினார்கள். வேலைக்கு வந்தவர்களில் பலர் இளம் பெண்கள். அகதிகளாக வந்தவர்களும் உண்டு. அங்கே ஒரு விதி இருந்தது. யார் எந்த வேலை செய்தாலும் சரி, அன்றன்று குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தர வேண்டும். வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்துக்கொள்ள வந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவரும் எழுதினார். எழுத எழுத அவருக்குப் பார்க்கத் தெரிந்தது. பிற்காலத்தில் அவரே, ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்து கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி 1952-இல் ஒரு படம் எடுத்தார். ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைக் குழந்தையின் அருகில் விடாத கட்டுப்பாடு இங்கிலாந்தில் தளர்ந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

அந்த அட்டைகளிலிருந்து தெரிந்த உண்மை என்ன தெரியுமா? குண்டு விழுந்ததைவிட, தாயைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் கலக்கியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டதும், எல்லோரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டை மாற்றி, நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு பெண்ணைத் தாய்போல அமைத்தார்கள். யுத்தம் முடிந்தபின் 1947-இல், அந்த அநுபவமே குழந்தைகளின் மனநலத்துக்கான ஒரு முறையான பயிற்சியாக உருவெடுத்தது.

நம் நாட்டில் இந்தக் கல்வி முதலில் பம்பாயில் கால் ஊன்றியது. 1936-இல் நாக்பாடாவில், டாட்டா அறக்கட்டளையின் உதவியால், கிளிபர்டு மான்ஷார்ட் என்பவர் தலைமையில் சமூகப் பணிக்கான பட்டப்பள்ளி தொடங்கியது. மறு ஆண்டே அதன் சார்பில் ஒரு குழந்தை வழிகாட்டு நிலையமும் ஏற்பட்டது. மான்ஷார்ட்டுக்குப் பின் அந்தப் பள்ளிக்குத் தலைவரானவர் ஒரு தமிழர். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தாரான ஜே. எம். குமரப்பா. சென்னைக்கு அந்தக் கல்வி வந்து சேர 1952 ஆயிற்று. அந்த ஆண்டுதான் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னைச் சமூகப் பணிக் கல்லூரி பிறந்தது. தொண்டு செய்ய வருகிறவருக்கும் படிப்பு வேண்டும் என்று அந்த அம்மையார் சொன்னபோது, "அன்புக்குக்கூடப் பட்டமா?" என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன்.

அவர்களுக்குப் பதிலாக எங்கள் ஊர்ப்பக்கத்துச் சேதி ஒன்றைச் சொல்கிறேன். நான் படித்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தகப்பனார் பீடி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காக, பள்ளி விட்டதும் அவன் ராத்திரி வரை பீடிக்கு நூல் கட்டுவான், முனை மடக்குவான். கணக்குக் குறைந்தால் அடி. வகுப்பில் அவன் தூங்கி விழுவான். பின்னாலிருந்து யாராவது கையை உயர்த்தினால், தலைவாரிக்கொள்ளத்தான் உயர்த்தினாலும், திடுக்கிட்டுக் குனிந்துகொள்வான். எங்கள் வாத்தியார் தங்கமான மனிதர். தம் சொந்தக் காசில் எங்களுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தவர். அவர் அந்தப் பையனைச் சோம்பேறி என்று நினைத்தார், பிரம்பால் அடித்தார். பையன் ஒருநாள் வராமல் நின்றுவிட்டான்.

வாத்தியாருக்கு அன்பு இல்லையென்று சொல்ல முடியுமா? பாடம் நடத்தப் பயிற்சி பெற்றிருந்தார். பயந்துபோன ஒரு பையனைப் படிக்க மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தூக்கம், திடுக்கிடல், கோபம், திடீரென்று படிப்பில் பின்தங்குதல், வளர்ந்த பிறகும் படுக்கையை நனைத்தல் ஆகியவை குற்றங்களல்ல, அடையாளங்கள் என்று பயிற்சி சொல்லித் தருகிறது. பழகாத கண்ணுக்கு அதே பையன் சோம்பேறி. பழகிய கண்ணுக்கு அவன் உதவி கேட்டுக்கொண்டிருக்கிறவன்.

1986-இல் வந்த குழந்தைத் தொழில் சட்டம், பிள்ளைகளை வைத்து வேலை வாங்கக் கூடாத தொழில்களின் பட்டியலில் பீடி சுற்றுவதையும் தோல் பதனிடுவதையும் சேர்த்தது. எங்கள் வட்டாரத்தின் இரண்டு பிழைப்புகளும் ஒரே பட்டியலில்! 1988-இல் தொடங்கிய தேசியத் திட்டம், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வைத்தது. மீட்பது ஒரு நாள் வேலை. மீட்ட பிள்ளைக்கு மறுபடி மனிதர்மேல் நம்பிக்கை வரச் செய்வது அப்படியல்ல.

டாக்டர்களும் இதை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவர் தோழர்களும் 1962-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். "தவறி விழுந்துவிட்டது" என்று பெற்றோர் கொண்டுவரும் குழந்தையின் எக்ஸ்ரே படத்தில், வெவ்வேறு காலத்தில் முறிந்து ஆறிய எலும்புகள் தெரிகின்றனவே, அது எப்படி என்று கேட்டார்கள். அந்தப் படங்கள் அதற்கு முன்பும் டாக்டர்களின் மேஜைக்கு வந்தவைதாம். தாய் தகப்பன் இப்படிச் செய்வார்களா என்ற எண்ணம் கண்ணை மறைத்திருந்தது.

நம் நாட்டுக்கும் அந்த எண்ணத்தைக் கலைக்கிற கணக்கு ஒன்று வந்தது. மத்திய அரசாங்கத்தின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 53-க்கும் மேல். அவ்வாறு செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள். "இதற்கெல்லாம் எதற்குப் பயிற்சி? பாட்டி மடியில் படுத்து அழுதால் தீர்ந்துபோகாதா?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டி மடி உயர்ந்ததுதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் காயம் வீட்டுக்குள்ளிருந்தே வரும்போது, "வெளியே சொல்லாதேடா கண்ணு" என்பதுதான் அந்த மடி சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கிறது.

ஆளைப் பழக்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரு பெருந்துயரத்தில் கண்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அது கொண்டுபோயிற்று. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு நாகையில் அன்னை சத்யா அரசு இல்லம் ஏற்பட்டது. ஆனால் கரை நெடுக இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் மனநல டாக்டர்களை எங்கே தேடுவது? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் வேறு வழி கண்டார்கள். போபால் விஷவாயு, ஒரிஸ்ஸாப் புயல், குஜராத் பூகம்பம் ஆகிய துயரங்களில் பெற்ற அநுபவத்தைக் கொண்டு, ஊர்க்காரர்களையே பழக்கினார்கள். பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொண்டர்கள் பழகிக்கொண்டார்கள். குழந்தையை வற்புறுத்திப் பேசவைக்காதே. படம் வரையட்டும், களிமண்ணில் உருட்டட்டும், விளையாடட்டும். பேச வந்தால் குறுக்கிடாதே. சாப்பாடும் பள்ளியும் விளையாட்டும் தினம் அதே நேரத்தில் நடக்கட்டும். இவ்வளவு எளிமையா என்று தோன்றும். "அழாதே, மறந்துவிடு" என்று சொல்லாமல் ஐந்து நிமிஷம் ஒரு குழந்தையின் முன் உட்கார்ந்து பாருங்கள். அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

2012-இல் போக்சோ சட்டம் வந்தபோது, இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி சட்டமாகவே எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் எடுக்க வேண்டும். காக்கி உடையில் வரக் கூடாது. இரவில் குழந்தையைப் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. மனநலமும் சமூகப் பணியும் அறிந்தவர்களின் துணை வேண்டும். 1920-இல் கண் மட்டும் இருந்த சட்டத்துக்கு 92 ஆண்டுகளில் காது முளைத்துவிட்டது.

ஆனால் ஏட்டில் முளைத்த காது போதாது. 2022 டிசம்பர் கடைசியில், 135 ஆண்டுகளுக்கு முன் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்ட அதே செங்கல்பட்டில், அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்த ஆறு பேர் கைதானார்கள். அதன்பின் இத்தகைய இல்லங்களை ஆராய, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசாங்கம் நியமித்தது. கட்டடம் இருந்தது. சட்டம் இருந்தது. காவலும் இருந்தது. அந்தப் பையன் எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

2019 நவம்பரில் எங்கள் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு வேண்டும் என்கிறது சட்டம். 1951-இல் சலேசிய சபையார் தொடங்கிய திருப்பத்தூர்த் தூய நெஞ்சக் கல்லூரியில் சமூகப் பணி கற்றுக்கொடுக்கிறார்கள். ஆகவே கற்பிக்க ஆள் இல்லை என்று நாம் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் கூட்டம் போட்டு, மத்தியானம் சாப்பாடு போட்டு, சாயந்தரம் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைப் பயிற்சி என்று நான் சொல்லமாட்டேன். ஹாம்ஸ்டெட்டில் அட்டை எழுதியது ஒருநாள் வேலையல்ல. துயரத்தைத் தினம் கேட்கிறவர் பாரத்தை இறக்கிவைக்கவும் ஓர் இடம் வேண்டும். வயிற்றுக்குப் போதுமான சம்பளம் வேண்டும். இல்லையென்றால் கேட்கிற காதும் மரத்துப்போகும்.

நாட்றம்பள்ளியில் ஒரு குழந்தை வாய் திறக்கத் துணியும்போது, அது முதலில் பெரிய டாக்டரையோ நீதிபதியையோ தேடிப் போகாது. வகுப்பு டீச்சரிடமோ, அங்கன்வாடி அம்மாவிடமோ, ஊசி போடும் நர்ஸிடமோதான் பாதி வாக்கியம் சொல்லும். மீதிப் பாதியைச் சொல்லலாமா, விழுங்கிவிடலாமா என்று அந்த முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பயிற்சியும்.