மறையும் குறிப்பும் மறையாக் குறிப்பும்

நிரலுக்குள் நிரலல்லாத வரிகளை எழுதிவைக்கும் வழக்கம் பழையது. 1957இல் ஐ.பி.எம். 704 கணினிக்கென வெளிவந்த ஃபோர்ட்ரானில், துளையட்டையின் முதல் கட்டத்தில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் அவ்வட்டை மனிதருக்கான குறிப்பாகிவிடும். அட்டைக் கட்டை அச்சிட்டால் அக்குறிப்பு தெரியும். நிரலை இயந்திரமொழிக்குப் பெயர்க்கும் கம்பைலரோ அதைத் தாண்டிச் சென்றுவிடும்.

பின்னர் வந்த சி மொழியில் சாய்கோடும் உடுக்குறியும் குறிப்பின் இரு கரைகளாயின. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தொடக்ககாலக் கம்பைலர்கள் சில, குறிப்பைச் சுவடின்றி நீக்கியமையால் அதன் இருபுறமும் நின்ற சொற்கள் ஒட்டிக்கொண்டன. நிரலாளர் சிலர் வேண்டுமென்றே வெற்றுக் குறிப்பை நடுவில் வைத்து இரு பெயர்களைப் புணர்த்தினர்! 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம், குறிப்பு ஓர் இடைவெளிக்குச் சமம் என விதித்தது. ஒட்டுவதற்குத் தனிக் குறியீடும் தந்தது. புணர்ச்சி விதிகளோடு காலம் கழிக்கும் நமக்கு இச்செய்தி இனிக்கிறது.

குறிமொழிகளின் கதை வேறு. எச்.டி.எம்.எல். பக்கத்தைப் பகுத்துப் படிக்கும் உலாவி, குறிப்பை எறிந்துவிடுவதில்லை. ஆவணத்தை மரமாக அடுக்கும்போது அதற்கும் ஒரு கணு ஒதுக்குகிறது. திரையில் காட்டுவதில்லை, அவ்வளவே. சி நிரலாளர் குறிப்பில் எழுதிய புலம்பல், இயங்கும் கோப்பை மட்டும் பெறுவோர் கண்ணில் படாது. பக்கம் வடித்தவரின் புலம்பலோ வாசகரின் கணினிக்கே வந்து சேர்கிறது. மூலத்தைத் திறந்து பார்ப்பவர் எவரும் படிக்கலாம். கடவுச்சொல்லைக் குறிப்பில் எழுதிவைத்தவர், அதைத் தெருவில் ஒட்டியவரே ஆவார்.

குறிப்பு இவ்வாறு உடன் வருவதால், அதற்குள் கட்டளையை ஒளித்துவைக்கவும் வழி பிறந்தது. 1995இல் நெட்ஸ்கேப் ஜாவாஸ்கிரிப்டை அறிமுகம் செய்தபோது, அதை அறியாத பழைய உலாவிகள் நிரல்வரிகளை அப்படியே திரையில் கொட்டின. ஆகவே நிரலைக் குறிப்புக்குறிகளுக்குள் பொதிந்தனர். பழைய உலாவிக்கு அது குறிப்பு, புதியதற்குக் கட்டளை. இதை நாம் சாமர்த்தியம் என்போம். 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் செய்ததை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. குறிப்புக்குள் நிபந்தனை எழுதினால் அவ்வுலாவி மட்டும் அதற்குக் கீழ்ப்படியும்; பிற உலாவிகள் குறிப்பென்றே கடந்து போகும். ஒரே பக்கம் இரு முகம் காட்டியது. எனினும், அவ்வுலாவியின் குறைகளுக்கு மாற்று தேட வடிவமைப்பாளர்கள் இதையே நம்பியிருந்தனர். 2012இல் வந்த பத்தாம் பதிப்பு இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. பழைய பக்கங்களில் அவ்வரிகள் மீண்டும் வெறும் குறிப்புகளாயின.