காதம், மைல், மைலேஜ்!

கோம்பையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எதிரே சுவர் மாதிரி நிற்கிற மலையைக் காட்டி, ‘ராமக்கல்மேடு எவ்வளவு தூரம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இந்தா, தலைக்கு மேலதான இருக்கு!’ என்பார்கள். அதே கேள்வியை வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் மாறிவிடும். ‘உத்தமபாளையம் போயி, கம்பம் போயி, கம்பம்மெட்டு ஏறி, சுத்திக்கிட்டுல்ல போகணும்!’

இரண்டுமே சரியான பதில்தான். காக்கைக்கு ஒரு தூரம், கால்நடைக்கு ஒரு தூரம், பெட்ரோல் போடுகிறவனுக்கு ஒரு தூரம். நாம் மூன்றாவது ஜாதி. கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

தூரத்தைக் கல்லில் எழுதி ரோட்டோரம் நட்டுவைத்தது யார்? வெள்ளைக்காரன் என்று நினைத்தீர்களானால் தப்பு. தருமபுரிப் பக்கம் 13-ம் நூற்றாண்டுக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. ‘அதியமான் பெருவழி’ என்று சாலையின் பெயர். நாவல் தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று அதில் தகவல். இதில் அழகான விஷயம் என்னவென்றால், எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே குழிகள் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. அதாவது, இரண்டு பத்து, ஒன்பது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர் கையால் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இருட்டிலும்கூட!

காதம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. பிறகு மைல் வந்தது. ரோமானியச் சிப்பாய்களின் ஆயிரம் தப்படிதான் அதன் பூர்வீகம். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் இரும்புச் சங்கிலியை நீட்டி, ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் நில அளவையின் பிள்ளையார் சுழி அது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் எடை, அளவுச் சட்டம். 1957-ல் அணா போய் நயா பைசா. 1960-களில் மைல் போய் கிலோமீட்டர். சட்டப்படி மைல் செத்துப்போனது. ஆனால் ஆவி அடங்கவில்லை. இன்றைக்கும் நாம் நட்டுவைத்திருப்பது ‘மைல் கல்’தான். பைக் வாங்கினால் முதல் கேள்வி, ‘மைலேஜ் எவ்வளவு குடுக்குது?’ லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறோம். அதில் மைல் எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வி நம் வாயில் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு யுத்தம் காரணம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பூட்டுப் போட்டன. பீப்பாய் 3 டாலர் சொச்சத்தில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. அமெரிக்கா ஆடிப்போய், 1974-ல் நாடு முழுக்க 55 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. நம் கணக்கில் 88 கிலோமீட்டர். 1995-ல்தான் அதை நீக்கினார்கள். இங்கே, 1978-ல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100. ‘பெட்ரோல் போட்டுட்டு மறந்துடுங்க’ என்கிற பாணியில் அதற்கு விளம்பரம் செய்தார்கள். இந்தியன் மனசு குளிர்ந்தது.

சரி, உங்கள் வண்டியின் மைலேஜை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பி.காம். படித்தவன். எனக்கு இது ஸ்டாக் கணக்கு. ஆரம்ப இருப்பு, கூட்டு கொள்முதல், கழி இறுதி இருப்பு. மிச்சம்தான் செலவு. டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடியும் நிரப்புங்கள். ஆரம்பமும் இறுதியும் சமம். ஆக, இரண்டாவது முறை போட்டதுதான் செலவு. 220 கிலோமீட்டர் ஓடி 4 லிட்டர் பிடித்தால் 55. அவ்வளவுதான்.

சராசரி வேகத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோம்பையிலிருந்து மதுரை, கணக்குக்காக 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 40 வேகம். வரும்போது 60. சராசரி என்ன? ‘ஐம்பது’ என்று சொல்லிவிட்டீர்களா? போக மூன்று மணி நேரம், வர இரண்டு. 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். சராசரி 48! மெதுவாகப் போன நேரம்தான் அதிகம், அதனால் அதன் பக்கம்தான் தராசு சாயும். வழியில் இழந்ததை வேகத்தால் முழுசாக மீட்க முடியாது.

இன்னொரு விஷயம், காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. ஆடி மாதம் மலையிலிருந்து இறங்கும் காற்று கோம்பைக்காரர்களுக்குப் பழக்கம். 50-ல் போகிற பைக்குக்கு எதிரே 20 வேகத்தில் காற்று அடித்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 70. எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆடியில் மைலேஜ் குறைந்தால் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள்!

கடைசியாக ஒரு கணக்கு. பத்து கிலோமீட்டரை 60 வேகத்தில் போனால் 10 நிமிடம். 80-ல் போனால் ஏழரை நிமிடம். லாபம் இரண்டரை நிமிடம். செலவு? காற்று எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அது பெட்ரோலோடு போகட்டும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் அதே 1.8 மடங்குதான். முட்டினால் விழும் அடியின் ஆற்றலும் அதே கணக்கில்தான் ஏறும்.

கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலையிலேயே கிளம்பி, ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். சாயங்காலம் களைத்துப்போன அதே ஆட்களோடு இறங்கும். டிரைவருக்கும் வீடு போகிற அவசரம். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் யாரும் மைலேஜ் கேட்பதில்லை. அடுப்பு பற்றவைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருந்தால் போதும் அவர்களுக்கு.

அடுத்த முறை ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது அந்த இரண்டரை நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். நான் யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் டீக்கடையில்தான் செலவழித்திருக்கிறேன்.