பழைய தானுந்துகளின் எரிபொருள் குழாய்களும் வடிகட்டிகளும்

எரிபொருள் குழாய் என்பது தானுந்தின் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொண்டு செல்லும் குழாய் ஆகும். வழியில் துருவையும் தூசியையும் தடுத்து நிறுத்தும் உறுப்பு எரிபொருள் வடிகட்டி எனப்படும். உலோகக் குழாய்களை இணைக்கும் இரப்பர் ஓஸ்களே இவ்வமைப்பின் வலுவற்ற பகுதி. அவை ஓடிய தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் பழுதடைகின்றன. எனவே, நெடுங்காலம் ஓடாமல் நின்ற வண்டியிலும் தீ விபத்துக்கு வாய்ப்பு உண்டு.

அமைப்பு

அம்பாசடர், தொடக்ககால மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சினால் இயங்கும் பம்பு பெட்ரோலை உறிஞ்சி அனுப்புகிறது. இதன் அழுத்தம் பெரும்பாலும் 0.5 பாருக்கும் குறைவு. எரிபொருள் உட்செலுத்தும் அமைப்புடைய வண்டிகளில் மின்பம்பு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தருகிறது. ஆகையால், முதல் வகைக்குரிய ஓஸையோ வடிகட்டியையோ இரண்டாம் வகையில் பொருத்தக் கூடாது.

பழுதின் அறிகுறிகள்

* வண்டிக்குள் பெட்ரோல் வாடை
* ஓஸில் வெடிப்பு, வீக்கம், பிசுபிசுப்பு அல்லது விறைப்பு
* மேட்டில் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் இழுவை குறைதல் (வடிகட்டி அடைப்பு)
* எஞ்சின் எண்ணெயின் அளவு உயர்ந்து பெட்ரோல் வாடை வீசுதல் (பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம்)

எத்தனாலின் தாக்கம்

இந்தியாவில் 20% எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, 2025இல் பரவலானது. எத்தனால் பழைய வகை இரப்பரை வீங்கவும் வெடிக்கவும் செய்யக்கூடும். தொட்டியில் படிந்த கசடையும் பெயர்ப்பதால் வடிகட்டி விரைவில் அடைபடும். மாற்று ஓஸ் வாங்கும்போது அது எத்தனாலைத் தாங்குமா என்று உறுதி செய்ய வேண்டும்.

பாதுகாப்பாக மாற்றும் முறை

பெட்ரோல் உறைபனி வெப்பநிலைக்குக் கீழும் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும்.

# எஞ்சின் முழுதும் ஆறிய பின், திறந்தவெளியில் வேலை செய்ய வேண்டும். அருகில் அடுப்பு, புகைத்தல், சூடாகும் குமிழ் விளக்கு கூடாது. உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.
# உட்செலுத்தும் அமைப்பில் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.
# பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும்.
# இணைப்பைத் துணியால் சுற்றி மெதுவாகக் கழற்ற வேண்டும். வழியும் பெட்ரோலை மூடியுள்ள கலத்தில் பிடிக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது.
# புதிய வடிகட்டியின் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். ஓஸ், சூடான புகைக்குழாயைத் தொடக் கூடாது. பழைய கிளிப்புகளையும் மாற்றுவது நல்லது.
# சிந்திய பெட்ரோல் உலர்ந்தபின் பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

ஓஸில் ஏற்பட்ட வெடிப்பை நாடா சுற்றியோ சோப்பு பூசியோ அடைப்பது பழுதுநீக்கம் ஆகாது. தண்ணீர்க் குழாயையோ சாதாரண நெகிழிக் குழாயையோ மாற்றாகப் பயன்படுத்தலாகாது. ஓர் ஓஸ் வெடித்திருந்தால் அதே வயதுடைய மற்றவற்றையும் சேர்த்தே மாற்றுவது முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* கார்புரேட்டர்
* எத்தனால்
* தீயணைப்பான்