முதல் நாவலுக்கு முன்னால் ஒரு சட்டப் புத்தகம்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் 'பிரதாப முதலியார் சரித்திரம்'தான் ஞாபகம் வரும். 1879இல் அச்சான, தமிழின் முதல் நாவல். ஸ்கூலில் அது ஒரு மார்க் கேள்வி, அதோடு சரி. எனக்கு அவருடைய இன்னொரு புத்தகம் அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1862இல் வந்த 'சித்தாந்த சங்கிரகம்'. சென்னை சதர் அதாலத் 1805 முதல் 1861 வரை சொன்ன தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்த நூல்.

சதர் அதாலத் என்பது கம்பெனி ஆட்சியில் மாகாணத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம். வாரிசுரிமை, திருமணம் போன்ற வழக்குகளில் இந்துக்களுக்கு சாஸ்திரம், முஸ்லிம்களுக்குக் குர்ஆன் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வகுத்துவைத்தார். ஆனால் வெள்ளைக்கார நீதிபதிக்கு சாஸ்திரம் எங்கே தெரியும்? அதனால் நீதிமன்றத்திலேயே பண்டிதர்களையும் மௌல்விகளையும் சம்பளத்துக்கு வைத்தார்கள். நீதிபதி கேள்வி அனுப்புவார். பண்டிதர் நூல்களை அலசி அபிப்பிராயம் எழுதிக் கொடுப்பார். தீர்ப்பில் கையெழுத்து நீதிபதியுடையது. அதற்கு அடியில் இருந்த ஆராய்ச்சி பண்டிதருடையது.

நாளாக ஆக முந்தைய தீர்ப்புகளே சேர்ந்து சட்டமாகிக்கொண்டிருந்தன. 1864இல் ஒரு சட்டம் போட்டு அந்தப் பண்டிதர், மௌல்வி பதவிகளையே எடுத்துவிட்டார்கள். இனி சட்டம் தெரிய வேண்டுமென்றால் பழைய தீர்ப்பைப் படிக்க வேண்டும். தீர்ப்போ ஆங்கிலத்தில். சொத்துக்காக முன்சீப் கோர்ட் படியேறிய தஞ்சாவூர் விவசாயிக்கு சமஸ்கிருதமும் எட்டாது, ஆங்கிலமும் எட்டாது.

வேதநாயகம் பிள்ளை இந்த இடைவெளிக்குள்தான் வேலை பார்த்தார். 1826இல் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ரெக்கார்டு கீப்பர், பிறகு மொழிபெயர்ப்பாளர், அதற்குப் பிறகுதான் முன்சீப். ஒரு வழக்கின் காகிதக் கட்டில் எது கதை, எது வாதம், எது இனிமேல் எல்லோரையும் கட்டுப்படுத்தப்போகும் விதி என்று பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை. பிரித்ததைத் தமிழில் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஐம்பத்தேழு வருடத் தீர்ப்புகளுக்கு இதைச் செய்தார். புத்தகம் வந்த அதே 1862இல் சதர் அதாலத் போய் சென்னை உயர் நீதிமன்றம் வந்துவிட்டது. நீதிமன்றம் போனாலும் அது சொன்ன விதிகள் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தன.

நான் மென்பொருள் ஆள். அதனால் உச்ச நீதிமன்றம் 2019இல் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தபோது ஆர்வமாகக் கவனித்தேன். இப்போது தமிழிலும் தீர்ப்புகள் வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் அவற்றோடு ஒரு குறிப்பும் வரும்: அமல்படுத்த ஆங்கில மூலமே செல்லும். அரசமைப்பின் 348ஆவது பிரிவுப்படி மேல்மட்ட நீதிமன்றங்களின் மொழி இன்னும் ஆங்கிலம்தான்.

மென்பொருள் வாக்கியத்தை மாற்றித் தரும். ஒரு தீர்ப்பில் எந்த வரி நாளை இன்னொருவரின் நிலத்தைப் பறிக்கும் என்று கண்டுபிடித்து, அதை அவருக்குப் புரியும்படி சொல்ல இன்னும் ஓர் ஆள் வேண்டும். வேதநாயகம் பிள்ளைக்கு நாம் முதல் நாவலாசிரியர் என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டோம். அவர் பார்த்த இந்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.