கண்டியில் எடுத்த கிராமம், எல்ஸ்ட்ரீயில் எடுத்த குகை: திகில் துணுக்குத் தொகுப்பு ஆவணப்படங்கள் குறித்து

பழைய திகில் படங்களிலிருந்து துணுக்குகளை வெட்டியெடுத்து, நடுவே ஓர் அறிவிப்பாளரை நிறுத்தி ஆவணப்படமாக்கும் வழக்கத்தைத் திரைப்பட ஆய்வு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பிறர் பண்டத்தைக் கடைவிரிக்கும் வேலை என்று ஒதுக்கிவிடுகிறது. அதில் பாதி உண்மை. கென் டிக்சனின் ‘சோம்பித்தொன்’ (1986) பெரும்பாலும் விசார்ட் வீடியோ நிறுவனத்தின் விநியோகத்தில் இருந்த சோம்பிப் படங்களைக் கொண்டே ஒட்டப்பட்டது. ஜோன் லாண்டிஸ் இயக்கி ஜேமி லீ கேர்டிஸ் தொகுத்து வழங்கிய ‘கமிங் சூன்’ (1982) யுனிவர்சல் நிறுவனத்தின் முன்னோட்டங்களைக் கோத்தது. 1984இல் வந்த ‘டெரர் இன் தி ஐல்ஸ்’ படத்தின் இயக்குநர் அன்ட்ரூ கியூன், முன்னோட்டம் வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்.

இவை திகிலின் வரலாற்றைச் சொல்வதாகக் கூறிக்கொள்கின்றன. ஆனால் அவை சொல்வது பிரதிகளின் வரலாறு, உரிமைகளின் வரலாறு. ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ (1968) வெளியாகும் வேளையில் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனது, படம் பொதுவுடைமையானது. தொகுப்பாளர்கள் அதை விரும்பி எடுப்பதற்கு இயக்குநர் ரொமேரோவின் கலைத்திறன் மட்டும் காரணமில்லை. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மக்களை எது நடுங்கவைத்தது என்ற கேள்வியின் இடத்தில், எது கைக்கு எட்டியது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்தக் குறையை வைத்துக்கொண்டே இவ்வடிவத்தால் ஒரு நல்ல காரியம் செய்ய முடியும் என்பதே என் வாதம். கண்டியை வைத்து அதைச் சோதிக்கலாம்.

கண்டியையும் பழைய கண்டி இராச்சியத்தையும் பற்றி ஒருவர் அத்தகைய தொகுப்பைச் செய்யப் புகுந்தால் முதலில் அகப்படுவது பசில் ரைட்டின் ‘சோங் ஒவ் சிலோன்’ (1934). தேயிலைப் பிரசார சபைக்காக, ஜோன் கிரியர்சனின் தயாரிப்பில் எடுக்கப்பட்ட ஆவணப்படம், திகில் படமல்ல. ஆயினும் அது தொடங்குவது அடர்ந்த இலைகளிலும் பேயாட்டத்திலும். பின்னணியில் லயனல் வென்ட் வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் 1681இல் அச்சிட்ட நூலின் வாசகம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவரின் கண்களை இரண்டரை நூற்றாண்டு கழித்து ஒரு கமரா கடன் வாங்குகிறது. அதன் பிறகே யாத்திரிகர்கள் சிவனொளிபாதமலை ஏறுகிறார்கள். இருளிலிருந்து ஒளிக்கு என்ற இந்த வரிசை வெட்டொட்டு மேசையில் பிறந்தது. மூன்றாம் பகுதியில் இலங்கையரின் உழைப்புக்கு மேலே சந்தை நிலவரக் குரல்கள் ஓடுகின்றன. பேய் ஆடியவருக்குக் கிடைத்த நெருக்கமான பார்வை, படத்துக்குப் பணம் தந்த தேயிலையைக் கிள்ளியவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது ஸ்பீல்பேர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒவ் டூம்’ (1984). கதைவசனத்தில் இந்திய அதிகாரிகள் மாற்றம் கேட்டதால் படக்குழு இலங்கைக்கு வந்தது. 1983 ஏப்ரலில் கண்டியில் படப்பிடிப்பு தொடங்கியது. சபிக்கப்பட்ட கிராமம் ஹந்தானைப் பக்கம் எழுந்தது. தொங்குபாலம் விக்டோரியா அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தருகே கட்டப்பட்டது. வட இந்தியக் கிராமத்தார் என்று காட்டப்படுபவர்கள் பேசுவது சிங்களம். ஊர்ப் பூசாரியாக வரும் டி. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்குப் பின்னால் நின்று ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். ஆனால் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்கும் நரபலிக் குகை இங்கே இல்லை. அது இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் இருந்தது. மலையும் வறுமையும் நமது கணக்கில், பயங்கரம் அவர்களுடைய கற்பனையில்.

இவ்விரண்டுக்கும் நடுவே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’வை (1972) வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் நரபலிதான். புதையல் வேண்டி, உடலில் குறித்த மச்சங்கள் கொண்ட பெண்ணைத் தேடி மணந்து பலிகொடுக்கிறான் ஒருவன். அவன் குகையில் இருக்கும் காட்டுமிராண்டி அல்லன். பரம்பரைச் சொத்துக் கரைந்துபோன, நாகரிகம் தெரிந்த வளவுக் கனவான். பீரிஸின் துணுக்கையும் ஸ்பீல்பேர்க்கின் துணுக்கையும் ஒட்டிவைத்தால், பலிபீடம் யாருடைய வீட்டில் இருக்கிறது என்ற கேள்வியை எந்த விவரணையும் இல்லாமலே ஒட்டு எழுப்பிவிடும். தொம் அன்டர்சன் ‘லொஸ் ஏஞ்சல்ஸ் பிளேஸ் இட்செல்ஃப்’ (2003) படத்தில் ஒரு நகரத்துக்குச் செய்தது ஏறக்குறைய இதுவே.

கண்டியில் இந்த நரபலிக் கதைகளுக்கு உள்ளூர் அடித்தளமும் உண்டு. இன்று வெண்ணிறப் புத்தர் சிலை நிற்கும் பஹிரவகந்தையில் கன்னிப்பெண்களைப் பலியிட்டார்கள் என்ற வாய்மொழிக் கதையை ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் காலத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம், அந்த நாயக்க வம்சத்து மன்னனை நீக்குவதற்கு அவனது கொடுமைகளையே காரணமாகச் சொல்கிறது. அரசனைப் பயங்கரமானவனாக நினைவுகூர்வது யாருக்கு வசதியாயிற்று என்று கேட்காமல் பஹிரவகந்தையை ‘பேய்மலை’ என்று காட்டும் ஆவணப்படம் நொக்ஸின் வழியிலேயே போகும். இன்னொரு குழப்பமும் வழக்கமாக நேர்கிறது. முகமூடி அணிந்து பேயோட்டும் தொவில் ஆட்டம் தென்மேற்குக் கரையோரத்துச் சொத்து. மலைநாட்டின் கொஹொம்ப கங்காரிய சடங்கில் அந்த முகமூடிகளுக்கு இடமில்லை. துணுக்கு விற்பனையில் இரண்டும் ‘கண்டி நடனம்’ என்ற ஒரே சீட்டில் போய்விடுகின்றன.

துணுக்கே இல்லாத பயங்கள் இதைவிட முக்கியமானவை. மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதமுனிக்குப் பூசை உண்டு. சக்கரத்தில் கை போய்விடாமல் காக்கும் தெய்வம், கோபித்தால் கையை எடுத்துக்கொள்ளும் தெய்வம். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்துக்குக் கவ்வாத்துச்சாமி. இயந்திரத்தை இவ்வளவு கூர்மையாகப் பயந்த கற்பனை எந்தப் பெரிய ஸ்டூடியோவுக்கும் அரிது. வீ. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975) தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது போராட்டத்தின் படம், ரோதமுனியின் படமல்ல. இருந்த படங்களுக்கும் பாதுகாப்பில்லை. ஸ்பீல்பேர்க்கின் குழு கண்டியில் வேலையைத் தொடங்கிய மூன்று மாதத்தில், 1983 யூலைக் கலவரத்தில், கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது, படச்சுருள்களும் எரிந்தன. ‘நிதானய’ ஸ்டூடியோத் தீயில் போகவில்லை, ஆனாலும் அதன் மூல நெகட்டிவ் காணாமற்போய், 2013இல் எஞ்சிய பிரதிகளிலிருந்து இத்தாலியில் மீட்க வேண்டியதாயிற்று. ஆகவே கண்டித் தொகுப்பில் அந்நியரின் துணுக்குகள் பளிச்சென்றும் நம்முடையவை கீறல்களுடனும் வரும். அந்தக் கீறல்களைக் கணினியில் துடைத்து இரண்டையும் சமமாக்குவது தவறு என்பேன். தரத்தில் உள்ள அந்த வேறுபாடும் ஒரு சான்று.

குறைந்த செலவில் இதைச் செய்ய முடியுமா? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, விமர்சனம், கருத்துரை, கற்பித்தல், ஆய்வு முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அமெரிக்க மாதிரியில் அனுமதிக்கிறது. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறித்த காரியங்களைப் பட்டியலிட்டு விலக்களிப்பது. அதைவிட இது நெகிழ்வானது. அந்த அளவில் சென்னைத் தொகுப்பாளரைவிடக் கண்டித் தொகுப்பாளருக்கு வசதி அதிகம். ஆனால் எடுத்த அளவையும் நோக்கத்தையும் மூலத்தின் சந்தைக்கு நேரும் பாதிப்பையும் நீதிமன்றம் பார்க்கும். ‘டெரர் இன் தி ஐல்ஸ்’ போல அலறல்மேல் அலறலாக அடுக்கினால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. துணுக்கு சுருக்கமாக இருக்க வேண்டும். அதன்மேல் வாதம் ஓட வேண்டும். ஸ்பீல்பேர்க்கின் கிராமத்தார் சிங்களத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தமிழில் உபதலைப்பாகப் போட்டுக் காட்டுவது போன்ற வேலை ஒவ்வொரு துணுக்கிலும் நடக்க வேண்டும்.