ஆறு ஷில்லிங்கின் கணக்கு

சட்டப் புத்தகத்தின்படி ரக்பி யூனியனில் தொழில்முறை ஆட்டக்காரர் பிறந்தது 1995 ஆகஸ்டில். பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்ற பழைய தடையை அந்த மாதம்தான் நீக்கியது. அதுவரை தூய்மையாக இருந்த ஆட்டத்துக்குள் அன்று பணம் புகுந்தது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் தடை அமலில் இருந்த காலத்திலும் நுழைவுச்சீட்டுகள் விற்றன, மைதானங்கள் நிறைந்தன, வசூல் சங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடப் போவதால் ஒருவருக்கு ஏற்படும் இழப்பை யார் தலையில் கட்டுவது என்பதுதான் தொடக்கத்திலிருந்தே வழக்கு. சம்பளம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வந்தது.

1871இல் லண்டனில் 21 கிளப்புகள் கூடி இங்கிலாந்தின் ரக்பி சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். அடுத்த இருபதாண்டுகளில் யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் களத்தில் இறங்கினார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை. வெளியூர் ஆட்டம் என்றால் அதையும் விட வேண்டும், கூலி போகும். அந்தக் கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதி வேண்டும் என்று 1893இல் யார்க்‌ஷயர்காரர்கள் கொண்டுவந்த தீர்மானம் 136க்கு 282 என்ற கணக்கில் தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கிளப்புகள் பிரிந்தன; பின்னாளில் ரக்பி லீக் ஆனது இந்தப் பிரிவுதான். அவர்கள் முதலில் அனுமதித்த படி, நாளொன்றுக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங். ஆட்டத்துக்கே கூலி கொடுக்க 1898இல் இசைந்தபோதும், ஆட்டக்காரருக்கு வேறொரு வேலை இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இவ்வளவு அடக்கமான கேட்புக்கு யூனியன் தந்த பதில், அந்தப் பக்கம் போனவர்களுக்கு ஆயுள் தடை.

தடை ஏழைகளை வெளியே தள்ளியது என்றால் வேல்ஸை என்ன சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே சுரங்கத்திலும் உருக்காலையிலும் உழைத்தவர்கள் யூனியனிலேயே ஆடினார்கள். 1905இல் நியூசிலாந்தை 3-0 என்று வீழ்த்திய நாடு அது. ஆனால் விதி அங்கே நிலைத்தது, கண்டிப்பாலன்று, கண்டும் காணாத போக்கால். 1897இல் வேல்ஸ் அணித் தலைவர் ஆர்தர் கூல்டுக்கு ரசிகர்கள் திரட்டிய நிதியில் ஒரு வீடே பரிசாகக் கொடுக்கப்பட்டது. பெரும் சர்ச்சைக்குப் பின், வேல்ஸை இழக்க மனமில்லாத இங்கிலாந்து சங்கம் விட்டுக்கொடுத்தது. ஆட்டம் முடிந்ததும் காலணிக்குள் வைக்கப்பட்ட பணத்துக்கு ‘பூட் மணி’ என்று பெயரே இருந்தது. அதுவும் போதாதவர்கள் வடக்கே, ரக்பி லீகுக்குப் போனார்கள்: 1967இல் டேவிட் வாட்கின்ஸ், 1989இல் ஜொனாதன் டேவிஸ். மறுபுறம், 1980இல் இங்கிலாந்தை கிராண்ட் ஸ்லாம் வெற்றிக்கு நடத்திய பில் பியூமான்ட், தன் வாழ்க்கைக் கதைப் புத்தகத்துக்கு வந்த பணத்தை வைத்துக்கொண்டதால் தொழில்முறைக்காரராக ஒதுக்கப்பட்டார். அவரே 2016இல் உலக ரக்பி அமைப்பின் தலைவரானார். ஒரே செயல் ஒரு காலத்தில் குற்றம், இன்னொரு காலத்தில் ஒன்றுமில்லை என்றால், அந்த விதி காத்தது ஒழுக்கத்தை அல்ல.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காசில்லாக் காலத்து ஆட்டக்காரருக்கு இன்னொரு வாழ்க்கை கைவசம் இருந்தது, வேல்ஸின் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எலும்பு முறிவு அறுவை மருத்துவராக இருந்தார். இன்றைய ஆட்டக்காரரோ முப்பதுகளின் தொடக்கத்தில் வேறு தொழில் தெரியாமல் வெளியே வருகிறார். கிளப்புகளும் தள்ளாடுகின்றன: இங்கிலாந்தின் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் ஆகிய மூன்றும் 2022-23 பருவத்தில் கடனில் மூழ்கின. இதெல்லாம் உண்மை. ஆனால் மருத்துவருக்குக் கிடைத்த இரண்டாவது வாழ்க்கையை அவருடைய படிப்பும் குடும்பமும் கொடுத்தன, ரக்பி கொடுக்கவில்லை. விலா முறிந்த சுரங்கத் தொழிலாளிக்குத் திங்கட்கிழமை கூலி இல்லை, அவ்வளவுதான். 1995இல் தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 55 கோடி டாலருக்கு ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தன. அதன்பின் ஆட்டக்காரரை மட்டும் வெறுங்கையோடு நிறுத்துவது யாராலும் முடியாத காரியமானது. ஆக, தடையை உடைத்தது கருணையல்ல, தொலைக்காட்சி. அதனால்தான் சம்பளம் வந்த பிறகும் இழப்பின் கணக்கு தீராமலே இருந்தது.

முழுநேரப் பயிற்சி உடல்களைப் பெரிதாக்கியது, மோதல்களைக் கடுமையாக்கியது. 2003இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்சன், 42 வயதில் மறதிநோய் கண்டு, அந்த வெற்றியே தன் நினைவில் இல்லை என்று 2020 டிசம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். அவரும் வேறு முன்னாள் ஆட்டக்காரர்களும் ஆட்டத்தை நடத்தும் அமைப்புகள்மீது சட்ட நடவடிக்கை தொடங்கினார்கள். தெரிந்துதானே சம்பளம் வாங்கி ஆடினார்கள் என்பார் உண்டு. சம்பளம் உழைப்புக்கான விலை. சேதத்துக்கான ஈடு அதில் அடங்கிவிடாது. யார்க்‌ஷயர்காரர்கள் 1893இல் கேட்டதும் இந்த ஈட்டைத்தான். அன்று கணக்கில் இருந்தது ஒரு சனிக்கிழமைக் காலையின் கூலி. இன்று இருப்பது ஒரு மனிதரின் நினைவு.