அயிரை (தூண்டில் இரை)

தமிழகம், கேரளம், இலங்கை நன்னீர்களில் வாழும் சிறு மீன். விரல் நீளமே வளரும். விரால் தூண்டிலுக்கு உயிர் இரையாகும். 1846இல் விலங்கியலாளர் வாலென்சியென் இதை அறிவியலுக்கு விவரித்தது திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்று மாதிரிகளைக் கொண்டு. பழுப்பு உடலில் கரும் திட்டுகள், வாயைச் சுற்றி மீசைகள், கண்ணடியில் சிறு முள். இதனோடு ஒப்பிட்டால், கெண்டைக் குஞ்சோ தட்டையாக இருக்கும், செதில் மின்னும். மீசை தெளிவாகத் தெரியாது.

அயிரை மணலில் புதைந்து கிடப்பதால் மேலாக வலை வீசிப் பயனில்லை. முழங்கால் ஆழத்தில் இருவர் கொசுவலைத் துணியைத் தரையோடு அழுத்தி இழுக்க, மூன்றாமவர் எதிரே மணலைக் காலால் கலக்கி விரட்டுவார். பிடித்த அயிரையைத் தூண்டில் முள்ளில் முதுகுத் துடுப்பின் அடியில், தண்டெலும்பைத் தொடாமல் கோக்க வேண்டும். அப்போதுதான் இரை துள்ளும். மதுரைப் பக்கம் அயிரைக் குழம்புக்கு இருக்கும் மவுசில், இதை இரையாக்குவது ஆடம்பரம்தான்.